கல்யாண ஆபீஸ் கம்ப்யூட்டர்

செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது சுபயோகம் திருமணத் தகவல் மையம். அதன் உரிமையாளர் தேசிகன் காலையில் வந்ததும் முதலில் பெருமாள் படத்துக்குத் துளசி வைப்பார். அடுத்து கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு சந்தனம். மூன்றாவதாக, திரையின் மூலையில் தினமும் தவறாமல் வந்து நிற்கும் ஓர் அறிவிப்பை மூடுவார். உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும் என்று சொல்லும் அறிவிப்பு அது. வாசலில் வந்து நிற்கிற வசூல்காரனை விரட்டுகிற மாதிரி அதை விரட்டிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்து காப்பி டம்ளரைக் கையில் எடுப்பார்.

தேசிகனுக்குச் சொந்த ஊர் திருவிடந்தை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையும் கழுத்துமாகப் பிராகாரத்தைச் சுற்றி வரும் பெருமாள் கோயில் அங்கேதான் இருக்கிறது. வேண்டிக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம் தன் கார்டை நீட்டி நீட்டியே தொழிலை வளர்த்தவர் அவர். வேண்டுதல் பலித்தால் பாதிப் பெருமை பெருமாளுக்கு, பாதி தேசிகனுக்கு. பலிக்காவிட்டால் முழுப் பழியும் ஜாதகத்துக்கு. எல்லா ஜாதிக்காரர்களுக்கும் வரன் பார்ப்பார், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. கம்ப்யூட்டரில் ஜாதிக்கொரு ஃபோல்டர் போட்டு, ஒன்றோடு ஒன்று கலந்துவிடாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார். அந்தக் கவனத்தில் கால்வாசியை வேறு இடத்தில் காட்டியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிரவுசரைப் புதுப்பிப்பது என்றாலே அவருக்கு ஆகாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, நல்ல முகூர்த்த மாதத்தில், மதுராந்தகத்துக் குடும்பம் ஒன்று அவர் எதிரே தட்டும் பூவுமாக வந்து உட்கார்ந்தது. பொருத்தம் பார்க்க அவர் நம்பியிருந்தது ஒரு பழைய ஜாதக இணையதளத்தை. அதை நடத்தியவரோ அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவையே கட்டிக்கொண்டு அழுதவர். முந்தின நாள் பிரவுசர் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது தேசிகனுக்குத் தெரியாது. ராசிக் கட்டம் திரையில் விரிந்தபோது, குருவும் சனியும் இருக்க வேண்டிய இடங்களில் கேள்விக்குறியும் கோணல் கோடுமாக வந்து நின்றன. பையனின் அம்மா எட்டிப் பார்த்தாள். கிரகங்களுக்கே பிடிக்காத சம்பந்தம் நமக்கு எதற்கு என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று மத்தியானமே பூபாலனுக்கு ஆள் போனது. பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் அவன். பழைய பிரவுசரையே திரும்பப் போட்டு, அது தானாகப் புதுப்பித்துக்கொள்வதை அடியோடு நிறுத்திவிடச் சொன்னார் தேசிகன். அவனும் நிறுத்திக் கொடுத்தான். ஆனால் இது கொஞ்ச நாளைக்குத்தான் சரிவரும், ஜாதகத் தளத்துக்காரரிடம் பேசி எழுத்தை மாற்றச் சொல்லுங்கள், இப்படியே விட்டால் தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி ஆகிவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனான். தேசிகன் தலையை ஆட்டினார். தளத்துக்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. கட்டம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அதற்குமேல் அவருக்கு என்ன கவலை?

புதுப்பிப்பது என்றால் ஏதோ வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை என்று நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் முக்கால்வாசி ஓட்டை அடைக்கிற வேலை. எங்கே ஓட்டை இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்துபோன பிறகு, அவன் வந்து சேருவதற்குள் அடைக்கிற அவசரம். அதை நிறுத்தி வைத்தவர் வீட்டில், ஓட்டை இருக்கும் இடம் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியாது.

ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஜெபா இருந்தாள். திருப்போரூர்ப் பெண், மாதா கோயில் தெரு. வந்த புதிதில் அவள் ஒருநாள் அந்த அறிவிப்பை அழுத்தப் போனாள். பணப்பெட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்த தேசிகனின் மனைவி சாவித்ரி திடுக்கிட்டுத் திரும்பும்படி ஒரு சத்தம் போட்டார் அவர்.

“அதைத் தொட்டுத் தொலைக்காதே. கட்டம் கெட்டுதுன்னா கல்யாணம் நின்னுபோகும்.”

அதோடு ஜெபா அந்த மூலைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். சம்பளம் வாங்குகிற இடத்தில் எதற்கு வம்பு?

அந்தக் கம்ப்யூட்டரில்தான் நெம்மேலி ராமதாஸின் மகள் கீர்த்தனாவின் போட்டோவும் இருந்தது. ராமதாஸின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் குனிந்தே காலம் தள்ளியவர்கள். ராமதாஸ் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்தார். கீர்த்தனா டிப்ளமா முடித்துவிட்டு, மறைமலைநகரில் கார்களுக்குப் பிரேக் பாகம் செய்கிற தொழிற்சாலையில் தரம் சரிபார்க்கும் பிரிவில் இருந்தாள். அந்தக் குடும்பத்தில் வருமான வரி என்ற சொல்லை முதன்முதலில் உச்சரித்தவள் அவள்தான். நீலப் பட்டுப்புடவையில் ஸ்டூடியோவில் எடுத்த படத்தையும், அவள் போன் நம்பர், வேலை செய்யும் இடம், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் ராமதாஸ் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனார்.

வரனும் நன்றாகவே அமைந்தது. அச்சரப்பாக்கத்தில் விதைக்கடை வைத்திருக்கிறவரின் மகன் இனியன், தாலுகா ஆபீசில் வேலை. இரண்டு ஜாதகமும் பொருந்தின. அதைவிட முக்கியமாக, போனில் பேசிப் பேசிப் பெண்ணுக்கும் பையனுக்கும் ஒருத்தரையொருத்தர் பிடித்துப்போயிற்று. நிச்சயதார்த்தம் முடிந்தது. திருக்கழுக்குன்றத்தில் மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. கீர்த்தனா கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போவாள் என்று ஜெபா ஆபீசில் வந்து சொல்லுவாள். இரண்டு பேரும் திருப்போரூரில்தான் பஸ் ஏறுகிறவர்கள்.

தேசிகனுக்கும் ஒரு பெண் உண்டு. அதிதி, பெங்களூரில் வேலை. ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிறவருக்குத் தன் பெண்ணுக்கு மட்டும் எதுவும் திகையவில்லை. வருகிற வரனெல்லாம் அவருக்கு ஒரு படி கீழேயே தெரிந்தது. அப்படியிருக்கையில் ஒரு காலை நேரம் ஆபீஸ் மெயிலில் ஒரு கடிதம் வந்தது. நியூ ஜெர்சியில் வேலை, வைஷ்ணவ சம்பிரதாயம், சொந்த வீடு, பெண் படித்திருந்தால் போதும், ஜாதகமும் போட்டோவும் இந்த லிங்கில் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. தேசிகனுக்குக் கை துறுதுறுத்தது. அச்சடித்த ஜாதகங்களோடு ஜெபா பக்கத்தில் வந்து நின்றாள். அவளை நிமிர்ந்தும் பார்க்காமல் லிங்கை அழுத்தினார்.

ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. பிரவுசர் ஒருமுறை தானாக மூடிக்கொண்டு, தானாகவே திறந்துகொண்டது. மறுபடியும் அழுத்திப் பார்த்தார். மறுபடியும் வெள்ளை. கரண்ட் சரியில்லை என்று ஜெபாவிடம் சொல்லிவிட்டு, பொருமிக்கொண்டே காப்பி குடிக்கக் கீழே இறங்கிப் போனார். அந்த வெள்ளைப் பக்கம் அதற்குள் தன் வேலையை முடித்துவிட்டது. ஆபீஸ் மெயிலும், அதன் பாஸ்வேர்டும், நம்பிக் கொடுத்த அத்தனை வீட்டுப் பெண்களின் படமும் நம்பரும் கண்காணாத எவனோ ஒருவன் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆடி பிறப்பதற்குள் போன்கள் வர ஆரம்பித்தன. முதலில் கல்பாக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அண்ணன் பேசினான். தங்கைக்கு யார் யாரோ போன் செய்து கூசுகிற மாதிரி பேசுகிறார்கள், உங்களிடம் கொடுத்த படம்தான் அதில் சுற்றுகிறது என்றான். தேசிகன் பூசி மெழுகி வைத்தார். அடுத்தது வண்டலூர். அதற்கடுத்தது மாமல்லபுரம். அவர்களையெல்லாம் விட மோசமாக அகப்பட்டவள் கீர்த்தனா. நீலப் பட்டுப்புடவையில் இருந்த அவள் முகத்தை வெட்டி, துணியில்லாத வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி, கீழே அவள் நம்பரையும் வேலை செய்யும் இடத்தையும் போட்டு ஒரு அசிங்கமான தளத்தில் ஏற்றியிருந்தார்கள்.

தேசிகன் பூபாலனைக் கூப்பிட்டார். அவன் வந்து பார்த்தான். சமீபத்தில் ஏதாவது தெரியாத லிங்கைத் திறந்தீர்களா என்று கேட்டான். தேசிகன் பதில் சொல்வதற்குள் அவர் பார்வை ஜெபா பக்கம் போய்த் திரும்பியது. ஜெபாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நியூ ஜெர்சி விஷயத்தை அவர் மென்று விழுங்கிச் சொன்னார். பூபாலன் பெருமூச்சு விட்டான். புது பிரவுசரில் இந்த ஓட்டையை அடைத்து வருஷத்துக்கு மேலாகிறது, புதுப்பித்து வைத்திருந்தால் நீங்கள் அழுத்தியிருந்தாலும் அந்தப் பக்கத்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று விளக்கினான்.

“இதுல கீற பொண்ணுங்க வூட்டுக்கெல்லாம் இன்னிக்கே போன் போட்டு சொல்லிருங்க சார். இங்க இருந்துதான் போச்சுன்னு சொல்லுங்க. அது பொய்ப் படம்னு எல்லாருக்கும் தெரியணும். போலீசுக்கும் போயிருங்க. நாளானா அதுங்க பொழப்பு நாறிப் போவும்.”

பேசிக்கொண்டே பிரவுசரைப் புதுப்பிக்கவும் செய்தான். சாவித்ரி ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த காப்பியை அவன் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஜாதகத் தளத்தைத் திறந்து காட்டினான். கட்டம் பளிச்சென்று வந்தது. குரு குருவாகவும் சனி சனியாகவும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். தளத்துக்காரர் எழுத்தை மாற்றி வெகுநாளாகிறதாம். அதாவது, எந்தக் காரணத்துக்காகத் தேசிகன் கதவைத் திறந்து போட்டிருந்தாரோ அந்தக் காரணமே எப்போதோ செத்துப்போயிருந்தது.

அந்த நிமிஷத்தில் மனுஷன் வெட்கப்பட்டிருக்க வேண்டும். தேசிகன் சந்தோஷப்பட்டார். இரண்டு மூன்று ஜாதகங்களைத் திறந்து திறந்து பார்த்து, எழுத்து முன்னைவிட நன்னா இருக்கே என்றார். பூபாலன் கூலி கூட வாங்காமல் இறங்கிப் போனான்.

யாருக்கும் போன் போகவில்லை. போலீசுக்கும் போகவில்லை. சாவித்ரி ஒரு தரம், சொல்லிடலாமே என்று ஆரம்பித்தாள். முகூர்த்த மாசம் வரும்போது இதை வெளியே சொன்னால் ஆபீசை இழுத்து மூடிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று அவர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே ராமதாஸும் இனியனின் அப்பாவும் ஆபீசுக்கு வந்தார்கள். படம் அச்சரப்பாக்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. விதைக்கடைக்காரரின் உறவுக்காரர்கள் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போட்டு, இதுதானே நம்ம இனியனுக்குப் பார்த்த பெண் என்று கேட்டிருந்தான். இனியனின் அப்பா போனை மேஜைமேல் குப்புற வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. சண்டை போட வரவில்லை. உண்மையைக் கேட்கத்தான் வந்திருந்தார். பெண் வீட்டார், இங்கே கொடுத்த போட்டோ அது, எவனோ வெட்டி ஒட்டியிருக்கிறான் என்கிறார்கள், நடுவில் நின்று முடித்துவைத்தவர் நீங்கள், நீங்கள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் என் ஜனத்துக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. கீர்த்தனாவின் வாழ்க்கை அப்போது அந்த மேஜைமேல் குப்புறக் கிடந்தது. ராமதாஸ் உட்காரவில்லை. தேசிகனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெபா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

தேசிகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்க ஆபீஸ்லேர்ந்து போட்டோ வெளில போனதா சரித்திரமே இல்லை. இந்தக் காலத்துப் பொண்ணுங்க அவங்கவங்க போன்ல என்னென்ன எடுத்துக்கறாங்க, யார் யாருக்கு அனுப்பறாங்க, அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?”

வாய் கூசாமல் சொன்னார். கத்தியால் குத்துகிறவனுக்காவது கையில் ரத்தம் படும். இனியனின் அப்பா போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ராமதாஸைப் பார்க்கவில்லை. ராமதாஸோ, எம் பொண்ணு அப்டி இல்ல சார், எம் பொண்ணு அப்டி இல்ல சார் என்று, போய்விட்டவரின் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் அவர் பிடி தவறித் தடுமாறி இறங்கியது எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நெம்மேலியில் நடந்ததையெல்லாம் ஜெபாதான் தேசிகனுக்குச் சொன்னாள். ராமதாஸ் அன்று வீட்டுக்குப் போய் மகளை அடித்தாராம். பிறந்ததிலிருந்து அவள்மேல் கை வைக்காதவர். அடித்துவிட்டு அவரே வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். அடி விழுந்தபோது அவள், அந்த ஆபீஸ்காரர் அப்படியா சொன்னார் என்று மட்டும் கேட்டாளாம். கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறினால் பேச்சு நின்றுபோகும், உட்கார்ந்தால் பின்சீட்டில் சிரிப்புக் கேட்கும். கொஞ்ச நாள் லீவில் இரும்மா, இங்கே எல்லாம் அடங்கட்டும் என்று மேலதிகாரி நல்லவிதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். இனியன் ஒருநாள் அவளோடு பேசினான். உன்னை நம்புகிறேன், ஆனால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றான். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

இத்தனையையும் சொல்லிவிட்டு ஜெபா, உண்மையைச் சொல்லிவிடுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். தேசிகன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதோடு விட்டாரா? அடுத்து போன் செய்து கேட்ட மாமல்லபுரத்துக்காரர்களிடம், கம்ப்யூட்டரில் இருந்த பெண் கண்டதையும் திறந்து பார்த்திருக்கிறாள், அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டேன் என்று சொன்னார். அதற்குப் பிறகு செங்கல்பட்டில் எந்தக் கடைக்காரரும் ஜெபாவைக் கம்ப்யூட்டர்முன் உட்காரவைக்கத் தயாராக இல்லை. ஒரு பொய்யால் ஒரு பெண், இன்னொரு பொய்யால் இன்னொரு பெண். தேசிகன் ஆபீஸ் மட்டும் துளசி மணத்தோடு நடந்துகொண்டிருந்தது.

ஆவணி பிறந்தது. ஆபீசில் கூட்டம் நெரிந்தது. அப்படி ஒரு காலை நேரத்தில் கீர்த்தனா மாடியேறி வந்தாள். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டொருவருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். படத்தைப் பார்த்தவர்கள்தான் அப்படித் திரும்புவார்கள். அவளுக்கு அது இப்போது பழகிப்போயிருந்தது. ஆள் மெலிந்திருந்தாள், மற்றபடி தலை வாரிப் பின்னி, இஸ்திரி போட்ட சுடிதாரில் ஒழுங்காக வந்திருந்தாள்.

என் போட்டோவையும் ஜாதகத்தையும் என் கண் முன்னால் எடுத்துவிடுங்கள் என்றாள். தேசிகனுக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானா என்று அவசர அவசரமாக ஃபோல்டரைத் திறந்து அழித்தார். அழித்ததைத் திரையைத் திருப்பிக் காட்டவும் செய்தார். அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

“ஜெபா என்னாண்ட எல்லாம் சொல்லிச்சு சார். யாரு இன்னா தொறந்தாங்க, எதுக்குத் தொறந்தாங்கன்னு. நான் அதைக் கேக்க வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க பொண்ணு போட்டோவும் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்குதா?”

தேசிகன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இருக்கிறது என்று சொன்னால் காட்டு என்பாள். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பணப்பெட்டி பக்கத்திலிருந்து சாவித்ரியின் குரல் வந்தது. இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு என்ன தோன்றியதோ, யாரையும் பார்க்காமல் குனிந்தபடியே சொன்னாள்.

“இல்லைம்மா. அவளோடது ஆத்துல பீரோல வச்சுப் பூட்டியிருக்கு. கம்ப்யூட்டர்ல போட இவர் சம்மதிக்கவே இல்லை.”

கீர்த்தனா தலையை ஆட்டினாள். சாவித்ரியைப் பார்த்து, சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

பெஞ்சில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அவள் நகர்ந்ததும் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கையில் பழுப்புக் கவர். அவள் இன்னும் வாசலிலேயே நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

“நம்ம பாப்பா ஜாதகம் சார். அந்த அச்சரப்பாக்கம் பையன் இப்ப சும்மாதான் கீறாராமே?”

தேசிகனின் கை, தொழில் பழக்கத்தில், கவரை வாங்க நீண்டது. கீர்த்தனா ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றாள். அழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அழுகையெல்லாம் ஆடியோடு முடிந்திருந்தது. திரும்பி, வாசற்படியில் நின்றபடியே, சத்தம் போடாமல் பேசினாள்.

“உங்க வூட்டுப் பொண்ணுது பீரோவுல. எங்க வூட்டுப் பொண்ணுங்களுது தாப்பா இல்லாத பொட்டியில. எங்கள அழிச்சவன் எவனோ சார், அவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. உங்க மூஞ்சி தெரியும். அடுத்தவங்க மானத்தைக் கைநீட்டி வாங்கி வெச்சிக்கிறீங்கன்னா, அதைக் காவல் காக்கறதும் உங்க வேலைதான். அந்த வேலை பேஜாரா கீதுன்னா, கையை நீட்டாதீங்க.”

சொல்லிவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நீட்டிய கையைத் தேசிகன் இழுத்துக்கொள்ளவும் இல்லை, கவரை வாங்கவும் இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவித்ரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெரியவருக்கு மட்டும் காரியம்தான் பெரிதாக இருந்தது. கவரை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். பிறகு அவருக்கே லேசாக ஒரு சந்தேகம் வந்தது.

“சார், நம்ம பாப்பா போட்டோ இங்க பத்திரமா இருக்குமில்ல?”

“இருக்காது” என்றார் தேசிகன்.

பெரியவர் புரியாமல் விழித்தார். தேசிகன் எழுந்து நின்றார். பெஞ்சில் கடைசியில் இருந்தவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“எடுத்துண்டு போயிடுங்கோ. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. போட்டோ போனது இங்கேர்ந்துதான், என்னாலதான். பூட்டி வைங்கோன்னு சொன்னவா பேச்சை நான் கேக்கலை. நம்மகிட்ட இருக்கறது அடுத்தவா பொண்ணோட மானம்னு எனக்குத் தோணவே இல்லை. ஜெபா மேலயும் பழியைப் போட்டேன். எல்லாரும் உங்க உங்க போட்டோவைத் திருப்பி வாங்கிண்டு போயிடுங்கோ.”

அந்த ஒரு வார்த்தையை அவர் கடைசியில் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் முன்பு, அதே மேஜையில், ராமதாஸ் எதிரே நிற்க, இனியனின் அப்பா கேட்டபோது சொல்லியிருந்தால் ஒரு கல்யாணம் நடந்திருக்கும். இப்போது சொன்னதைக் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை. கீழே நிறுத்தத்தில் திருப்போரூர் பஸ் வந்து நின்றது. கீர்த்தனா ஏறி உட்கார்ந்தாள், பஸ் கிளம்பிவிட்டது.